மயக்க ஊசியும் மறதியும்

ஊரில் பெரியவர் யாருக்காவது ஆபரேஷன் என்று பேச்செடுத்தால் போதும், "மயக்க ஊசி போட்டா மறதி வந்துரும்ப்பா" என்று ஒரு குரல் கேட்கும். எங்கள் வீட்டில் அந்தக் குரல் அம்மாவுடையது. வயது 71. முழங்கால் இரண்டும் தேய்ந்து, மாடிப்படி ஏறியே ஒரு வருஷமாகிறது. நான் வேலை பார்க்கும் ஹைதராபாத்துக்கு வந்து ஆபரேஷன் செய்துகொள் என்றால் இதைச் சொல்லியே தட்டிக்கழிக்கிறாள். வெறும் பயம் என்று ஒதுக்க மனசு வராமல் தேடிப் படித்தேன். இந்தப் பயத்துக்கு வயசு நூற்று முப்பதுக்கு மேல்!

1846 அக்டோபர் 16. பாஸ்டனில் மார்ட்டன் என்ற பல் டாக்டர் ஈதர் கொடுக்க, வாரன் என்ற சர்ஜன் ஒருவர் கழுத்துக் கட்டியை அறுத்துக் காட்டினார். அடுத்த வருஷமே ஈதர் கல்கத்தா வந்துவிட்டது. 1847 நவம்பரில் எடின்பரோவில் குளோரோபார்ம். அன்றைய கவலையெல்லாம் ஆள் பிழைப்பாரா என்பதுதான். (இந்த ஊர்க்காரன் என்ற முறையில் ஒரு இடைச்செருகல்: 1888, 1889ல் நிஜாம் ஆதரவில் எட்வர்ட் லாரி இங்கே இரண்டு குளோரோபார்ம் கமிஷன் நடத்தினார். மருந்து மிஞ்சினால் முதலில் நிற்பது மூச்சுதான், இதயம் அல்ல என்று சாதித்தார். குளோரோபார்ம் இதயத்தையே நேராகத் தாக்கும் என்று 1911ல் லெவி காட்டினார்.)

புத்தியைப் பற்றி 1887லேயே ஜார்ஜ் சாவேஜ் என்ற லண்டன் மனநல டாக்டர் எழுதிவிட்டார். ஆனால் பெரிய அதிர்ச்சி 1955ல். பெட்ஃபோர்ட் என்ற டாக்டர், மயக்க மருந்து வாங்கிய 50 வயது தாண்டிய 1193 பேரை ஆராய்ந்து லான்செட்டில் எழுதினார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் பழைய ஆளாக இல்லை என்று சொந்தக்காரர்கள் சொல்வதை ஒரு டாக்டர் காது கொடுத்துக் கேட்டார் பாருங்கள், அது எனக்குப் பிடித்திருக்கிறது. குறை என்னவென்றால், ஆபரேஷனுக்கு முன்னால் அவர்கள் எப்படி இருந்தார்கள் என்பதற்கு அளவு எதுவும் கிடையாது.

அதைச் சரியாகச் செய்தது 1998ல் வந்த ஆய்வு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும், பெரிய ஆபரேஷன் செய்துகொண்ட 60 வயதுக்கு மேற்பட்ட 1218 பேருக்கு முன்னும் பின்னும் ஞாபகப் பரீட்சை வைத்தார்கள். ஒரு வாரத்தில் 25.8 சதவீதம் பேர் பின்தங்கினார்கள். மூன்று மாதத்தில் அது 9.9 ஆகக் குறைந்தது. ஆபரேஷன் இல்லாத அதே வயதுக்காரர்களில் 2.8. ஆக பயம் பொய்யில்லை, ஆனால் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அந்தப் பத்துப் பேர்ல நான் இருந்தா?" என்றாள். அதற்கு என்னிடம் என்ன பதில் இருக்கிறது?

சரி, குற்றவாளி மயக்க மருந்துதானா? அந்த ஆய்வு ஆக்சிஜன் குறைவையும் ரத்த அழுத்தம் இறங்குவதையும் சந்தேகப்பட்டது, இரண்டுமே மாட்டவில்லை. முழு மயக்கம் வேண்டாம், முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தால் தப்பிக்கலாமா? 2003ல் ஒப்பிட்டார்கள், மூன்று மாதத்தில் பெரிய வித்தியாசமில்லை. 2021ல் இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களிடம் பார்த்தபோதும் ஆபரேஷனுக்குப் பின் வரும் குழப்பநிலை இரு பக்கமும் சுமார் 20 சதவீதம்தான். அதனால் இப்போது சந்தேகம், அறுவையால் உடம்பில் கிளம்பும் அழற்சி மீதும், மூளையில் முன்பே மெல்லத் தொடங்கியிருந்த தேய்மானம் மீதும் திரும்பியிருக்கிறது.

எனக்கு உபயோகமாகப் பட்டது 1999ல் அமெரிக்காவில் ஷாரன் இனூயே செய்தது. ஆபரேஷன் நோயாளிகள் அல்ல, பொது வார்டில் சேர்ந்த 70 தாண்டியவர்கள். கண்ணாடி, காது மிஷின் கையில் கொடுப்பது, தண்ணீர் குடிக்க வைப்பது, ராத்திரி தூங்க விடுவது, எழுப்பி நடக்க வைப்பது, இன்று என்ன கிழமை என்று பேச்சுக் கொடுப்பது. இவ்வளவுதான். குழப்பநிலை 15லிருந்து 9.9 சதவீதத்துக்கு இறங்கியது.

நம்மைப் போல வெளியூரில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. மயக்கம் தெளிந்து கண் விழிக்கும் அம்மாவிடம் நர்ஸ் தெலுங்கிலோ இந்தியிலோ கிழமை கேட்டால், பதில் வராததற்குக் காரணம் மூளையா, மொழியா என்று எப்படித் தெரியும்? அட்மிஷன் போடும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். முதல் இரண்டு ராத்திரி தமிழ் பேசும் ஒருவர் கட்டில் பக்கத்தில் இருக்கட்டும். வழக்கமாக ஏதாவது தூக்க மாத்திரை போடுகிறார்கள் என்றால், அதை முன்கூட்டியே மயக்க டாக்டரிடம் காட்டுங்கள்.