சேலத்துக்கு வந்த பிரெஞ்சு ஒற்றன்!

ஆடி மாதத்தில் சேலம் அம்மாபேட்டைக்குப் போயிருக்கிறீர்களா? போகவில்லை என்றால் ஒருமுறை போய்விட்டு வாருங்கள். மாரியம்மன் பண்டிகையின்போது அங்கே ‘வண்டி வேடிக்கை’ நடக்கும். அலங்கரித்த வண்டிகளில் சிவன், பார்வதி, முருகன், கிருஷ்ணன் என்று வேஷம் கட்டிய பக்தர்கள் ஊர்வலமாக வருவார்கள். நேற்று வரை தறியில் உட்கார்ந்திருந்த எதிர்வீட்டு அண்ணன், இன்று முகமெல்லாம் நீலம் பூசிக்கொண்டு பரமசிவனாக நிற்பார். ‘அட, நம்ம அண்ணன்!’ என்று கண்டுபிடித்துச் சிரிப்பார்கள். அடுத்த நொடியே கையெடுத்துக் கும்பிடுவார்கள். வேஷம் என்று தெரியும். தெரிந்தேதான் நம்புகிறார்கள்!

துப்பறியும் சினிமாவைப் பற்றி எழுத வந்தவன் ஏன் கோயில் திருவிழாவில் ஆரம்பிக்கிறேன் என்று யோசிக்கிறீர்களா? காரணம் இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.

அம்மாபேட்டையிலிருந்து சைக்கிள் மிதித்தால் எட்டிவிடுகிற தூரத்தில், ஏற்காடு சாலையில், 1935-ல் டி.ஆர்.சுந்தரம் ஒரு சினிமாக் கம்பெனி தொடங்கினார். மாடர்ன் தியேட்டர்ஸ். திருச்செங்கோட்டுக்காரர், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தவர். ஜவுளிக்குப் படித்துவிட்டு சினிமாவுக்கு வந்தவர், படம் எடுப்பதையும் ஒரு மில் நடத்துகிற ஒழுங்கோடுதான் நடத்தினார். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கிருந்து வந்தன.

பிரெஞ்சு நாட்டுக்கும் இந்தக் கம்பெனிக்கும் ஒரு பழைய உறவு உண்டு. 1940-ல் வந்த ‘உத்தமபுத்திரன்’ படத்தில் பி.யு.சின்னப்பா இரட்டை வேடத்தில் அசத்தினார். இரும்பு முகமூடி போட்டு அடைத்து வைக்கப்பட்ட அந்த இளவரசனின் கதை எங்கிருந்து வந்தது? அலெக்ஸாண்டர் டூமா என்ற பிரெஞ்சு நாவலாசிரியரிடமிருந்து! 1950-ல் வடுவூர் துரைசாமி ஐயங்காரின் துப்பறியும் நாவலான ‘திகம்பர சாமியார்’ படமானது. அதில் நம்பியார் போட்ட வேடங்கள் பத்துக்கும் மேலே. வேஷம் என்றால் சேலத்துக்குக் கொள்ளைப் பிரியம் என்பது புரிகிறதல்லவா?

இப்போது விஷயத்துக்கு வருவோம். 1963-ல் டி.ஆர்.சுந்தரம் மறைந்தார். கம்பெனி மகன் ராமசுந்தரத்தின் கைக்கு வந்தது. அப்போது உலகமெல்லாம் ஜேம்ஸ் பாண்ட் ஜுரம். ராமசுந்தரம் 1966-ல் ‘வல்லவன் ஒருவன்’ படத்தை இயக்கினார். ஹீரோ ஜெய்சங்கர், ஜோடி எல்.விஜயலட்சுமி. ‘தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட்’ என்று ஜெய்சங்கருக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்தவை இந்த மாதிரிப் படங்கள்தான். வேதாவின் இசையில் எல்.ஆர்.ஈஸ்வரி பாடிய ‘பளிங்கினால் ஒரு மாளிகை’ இன்றைக்கும் நம்மைத் தாளம் போட வைக்கிறது.

சரி, கதை யாருடையது? அங்கேதான் துப்பறியணும்! படத்தின் மூலம், 1964-ல் ஆந்த்ரே உனபெல் எடுத்த ஒரு பிரெஞ்சுப் படம். ‘ஓ.எஸ்.எஸ். 117’ என்ற ரகசிய உளவாளி பாங்காக் நகரத்துக்குப் போய்ச் சதிகாரர்களைப் பிடிக்கிற கதை. ‘ஓஹோ... அப்படியானால் பாண்டைப் பார்த்து பிரெஞ்சுக்காரர்கள் காப்பியடித்தார்கள், அவர்களைப் பார்த்து நாம் காப்பியடித்தோம்!’ என்று நீங்கள் முடிவு கட்டலாம். அவசரப்படாதீர்கள். ழான் புரூஸ் என்ற எழுத்தாளர் ஓ.எஸ்.எஸ். 117-ஐ உருவாக்கியது 1949-ல். இயன் ஃப்ளெமிங்கின் முதல் பாண்ட் நாவல் வந்ததோ 1953-ல்! சினிமாவிலும் 117-தான் முந்திக்கொண்டார். பாண்டின் முதல் படம் 1962-ல் வருவதற்கு ஐந்து வருஷம் முன்பே, 1957-ல், இவர் திரைக்கு வந்துவிட்டார். ஆனால், பாண்ட் படங்கள் பணத்தைக் கொட்டியதும், பின்னால் வந்தவர் புகழில் முன்னால் போய்விட்டார். மூத்தவர் தம்பியின் சட்டையை மாட்டிக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று.

இப்போது ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். 1966. வாரமெல்லாம் தறி மிதித்த அம்மாபேட்டை நெசவாளி ஒருவர் கூலியில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு தியேட்டருக்குப் போகிறார். திரையில் ஹீரோ ஒட்டுத்தாடி வைத்துக்கொண்டு வில்லன் கூடாரத்துக்குள் நுழைகிறான். வில்லனுக்கு அடையாளமே தெரியவில்லை. நம்ம நெசவாளிக்கோ முதல் நொடியிலேயே தெரிந்துவிடுகிறது! ‘இது கூடத் தெரியலையா இவனுக்கு?’ என்று அவர் சிரிக்கிறார். ஏமாந்துபோய்ச் சிரித்தவர் அல்ல அவர். ஆடி மாதத்தில் எதிர்வீட்டு அண்ணனைக் கண்டுபிடித்துச் சிரித்தாரே, அதே சிரிப்பு. டிக்கெட் கிழித்தபோதே அவருக்கும் படம் எடுத்தவருக்கும் ஒரு ஒப்பந்தம் ஆகிவிட்டது: ‘நீ கட்டுகிற வேஷத்தை நான் நம்புகிற மாதிரி இருக்கிறேன், நீ என்னைச் சந்தோஷமாக வீட்டுக்கு அனுப்பு.’

பிரெஞ்சு ரசிகர்கள் இந்தச் சிரிப்புக்கு வந்து சேர இன்னும் நாற்பது வருஷம் ஆயிற்று என்றால் நம்புவீர்களா? 2006-ல் மிஷேல் அஸனவிசியுஸ் என்ற இயக்குநர் அதே 117-ஐ முழு நகைச்சுவை ஹீரோவாக்கினார். நடித்தவர் ழான் துஜார்தேன். 1955-ல் கெய்ரோவுக்குப் போகிற இந்த ஒற்றனுக்குத் தன்னைவிட்டால் உலகத்தில் அறிவாளியே இல்லை என்று நினைப்பு. அந்த ஊர் மொழி தெரியாது, வழக்கம் தெரியாது. தூக்கம் கெடுகிறது என்று, அதிகாலையில் பாங்கு சொல்பவரிடமே சண்டைக்குப் போகிற ஆள்! பிரான்ஸில் மட்டும் 20 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். அவர்கள் சிரித்தது எகிப்தியர்களைப் பார்த்து அல்ல. உலகையே தாங்கள்தான் ஆண்டோம் என்ற மிதப்பில் திரிந்த தங்கள் பழைய முகத்தைப் பார்த்து. இதே இயக்குநரும் நடிகரும் பின்னர் சேர்ந்து 2011-ல் எடுத்த ‘தி ஆர்ட்டிஸ்ட்’, ஆஸ்கரில் சிறந்த படம், சிறந்த இயக்குநர், சிறந்த நடிகர் விருதுகளை அள்ளியது.

நம்ம ஊரில் என்ன செய்தோம்? ‘பராசக்தி’யைப் பற்றிப் புத்தகம் எழுதினோம். ‘வல்லவன் ஒருவ’னை ‘காப்பி’ என்ற ஒற்றை வார்த்தையில் மூடிவிட்டோம். ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். அடுத்தவர் கதையை எடுத்தால் அவர் பெயரைச் சொல்லி நன்றி சொல்வதுதான் நியாயம். அந்தக் காலத்துத் தமிழ் சினிமா பெரும்பாலும் அதைச் செய்யவில்லை. அந்தக் கணக்கு பாக்கி நிற்கிறது.

ஆனால், இன்னொரு கணக்கும் பாக்கி இருக்கிறது. விமர்சகர்களின் அபிப்பிராயம் அச்சில் ஏறி நூலகத்தில் உட்கார்ந்துவிட்டது. அந்த நெசவாளியின் அபிப்பிராயம் எங்கே? தியேட்டர் வாசல் டீக்கடையில் சொன்னார், தறியடியில் சொன்னார், அடுத்த ஜெய்சங்கர் படத்துக்கு டிக்கெட் வாங்கிச் சொன்னார். அதை யாரும் எழுதி வைக்கவில்லை. மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த இடத்தில் வீடுகள் வந்துவிட்டன. ஏற்காடு சாலையில் முகப்பு வளைவு மட்டும் மிஞ்சியது.

உங்கள் வீட்டில் அந்தப் படங்களைத் தியேட்டரில் பார்த்த தாத்தாவோ பாட்டியோ இருந்தால் இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்... ‘படம் எப்படி இருந்துச்சு?’ சொல்லச் சொல்ல எழுதி வையுங்கள். சரித்திரத்தில் விட்டுப்போன ஒரு பக்கம் அது!