மோட்டார் வண்டியும் அதன் மூளையும்

பதுளையிலிருந்து நுவரெலியாவை நோக்கி ஏறும் பெருவீதியின் இடைவழியிலே வெலிமடை அமைந்திருக்கிறது. உருளைக்கிழங்கும் கரட்டும் போஞ்சியும் ஏற்றிய லொறிகள் கெப்பெட்டிபொலப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு வருவதும், அங்கிருந்து கொழும்புக்கு இறங்குவதுமாக அப்பகுதி வீதிகள் ஓய்வறியா. தோட்டத்து லயத்திலிருந்து நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வது பெரும்பாலும் யாரோ ஒருவர் தவணைப் பணத்துக்கு வாங்கிய சிறு வாகனமே. இத்தகைய ஊரில் வண்டி ஆடம்பரப் பொருளன்று. ஒரு குடும்பத்தின் அடுத்த மாதத்து அரிசி அதன் சில்லுகளின்மேல் உருண்டுகொண்டிருக்கிறது.

அவ்வண்டியின் சொந்தக்காரருக்கு ஒருநாள் முகவர் நிலையத்திலிருந்து அழைப்பு வருகிறது. "எஞ்சினை ஆளும் கணினியில் பழைய மென்பொருளை நீக்கிப் புதியதை ஏற்றித் தருகிறோம், கட்டணம் இல்லை" என்கிறார்கள். ஏற்றுக்கொள்வதா, மறுப்பதா? இலவசமாக வருவதை மறுப்பானேன் என்று ஒருவர் சொல்வார். ஓடுகிற எஞ்சினில் கை வைக்காதே என்று மற்றவர் சொல்வார். இருவர் சொல்லிலும் ஓரளவு உண்மை உண்டு. எவ்வளவு என்பதை அறிய இந்தக் கணினி வண்டிக்குள் புகுந்த வரலாற்றை நோக்க வேண்டும்.

பழைய வண்டிகளில் பெற்றோலையும் காற்றையும் கலப்பது காபரேட்டரின் வேலை. மலைக்கு வந்ததும் எஞ்சின் இருமினால், கராஜ்காரர் ஒரு திருகாணியைக் கால் சுற்றுத் திருப்புவார். அவர் செய்ததை வண்டிக்காரர் அருகில் நின்று கண்ணால் காண்பார். பிடிக்காவிட்டால் மறுநாள் திருப்பி வைக்கச் சொல்வார். 1967ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பொஷ் நிறுவனம் வொக்ஸ்வாகன் 1600 வண்டிக்கென மின்னணு முறையில் எரிபொருள் தெளிக்கும் கருவியை வெளியிட்டது. 1970இல் அமெரிக்காவில் தூய காற்றுச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. 1973இல் எண்ணெய் விலை ஏறியது. புகையையும் குறைக்க வேண்டும், எரிபொருளையும் மிச்சப்படுத்த வேண்டும் என்ற இரு நெருக்கடிகளுக்கு இடையில் திருகாணி தோற்றது; கணினி வென்றது. 1979இல் பீ.எம்.டபிள்யூ. வண்டி ஒன்றில் தீப்பொறியையும் எரிபொருளையும் ஒரே எண்முறைக் கணினி ஆளத் தொடங்கியது. தொடக்கத்தில் அதன் கட்டளைகள் கல்வெட்டுப் போல் நினைவகத்தில் பதிக்கப்பட்டிருந்தன. மாற்ற வேண்டுமாயின் அந்த உறுப்பையே கழற்ற வேண்டும். 1990களில் அழித்தெழுதக்கூடிய நினைவகம் வந்தது. அன்று முதல், ஸ்டியரிங்கின் கீழே ஒரு கம்பியைச் செருகிச் சிறிது நேரத்தில் எஞ்சினின் குணத்தை மாற்றிவிடலாம். அருகில் நிற்பவருக்கு எதுவும் தெரியாது.

தெரியாமை என்ற இவ்விடத்திலேதான் சிக்கல் பிறந்தது.

1995ஆம் ஆண்டில் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் அமெரிக்க அரசுடன் ஓர் உடன்படிக்கைக்கு வந்தது. அதன் கெடிலக் வண்டிகளில் 1991 முதல் ஒரு விசித்திரம் இருந்தது. குளிரூட்டியைப் போட்டால் எஞ்சின் நின்றுவிடுகிறது என்ற முறைப்பாட்டைத் தீர்க்க, குளிரூட்டி இயங்கும்போது கூடுதலாகப் பெற்றோல் செல்லுமாறு கணினிக்குக் கட்டளையிட்டிருந்தார்கள். அரசின் சோதனை குளிரூட்டியை நிறுத்தி வைத்தே நடந்தது. ஆதலால் சோதனையில் வண்டி தூய்மை; வீதியிலோ காபனோரொட்சைட்டு அளவு மீறியது. ஏறத்தாழ 4 இலட்சத்து 70 ஆயிரம் வண்டிகளைத் திரும்ப அழைத்துத் திருத்த நேர்ந்தது. இதில் நேயர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. முதற் கட்டளையும் வாடிக்கையாளரின் குறை தீர்க்கவென்றே எழுதப்பட்டது. நின்றுபோகாத எஞ்சினை வாங்கியவர் மகிழ்ந்தார். விலையை அவ்வழி நடந்தவர் சுவாசப்பையால் கொடுத்தார்.

1998இல் கனரக டீசல் எஞ்சின் செய்யும் ஏழு நிறுவனங்கள் இதே வகைக் குற்றச்சாட்டில் அமெரிக்க அரசுடன் உடன்பட்டன. அங்கே திருத்தம் வேறு விதமாக அமைந்தது. எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்கும் வேளை வரும்போது புதிய மென்பொருளை ஏற்றலாம் என்று விட்டார்கள். ஓடுகிற லொறியைப் பிரிப்பவர் யார்? எதிர்பார்த்ததை விட மிகச் சிலரே அதை ஏற்றிக்கொண்டனர். லொறிக்காரரைக் குறை சொல்வதற்கில்லை என்பது என் எண்ணம். புகையைக் குறைக்கும் திருத்தத்தால் அவர் கைக்கு எந்த இலாபமும் வராது. டீசல் சற்றுக் கூடுதலாகச் செலவாகுமோ என்ற அச்சம் மட்டுமே வரும்.

இவற்றையெல்லாம் சிறு நிகழ்ச்சிகளாக்கியது வொக்ஸ்வாகன் விவகாரம். அமெரிக்காவின் மேற்கு வெர்ஜீனியாப் பல்கலைக்கழகத்துச் சிறு குழுவொன்று, டீசல் வண்டிகளின் பின்புறத்தில் அளவைக் கருவிகளையும் அவற்றுக்கு மின் தர ஒரு சிறு மின்னாக்கியையும் ஏற்றிக்கொண்டு கலிபோர்னிய வீதிகளில் ஓட்டிப் பார்த்தது. அக்குழுவில் ஒருவர் அர்விந்த் திருவேங்கடம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்றவர். ஆய்வுகூடத்தில் அடக்கமாக இருந்த ஜெட்டா வண்டி, வீதிக்கு வந்ததும் சட்ட வரம்பைப் போல் 15 முதல் 35 மடங்கு வரை நைதரசன் ஒட்சைட்டுகளைக் கக்கியது. 2014இல் அறிக்கை வெளியாயிற்று. 2015 செப்ரெம்பர் 18ஆம் திகதி அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் குற்றத்தைப் பகிரங்கப்படுத்தியது. தான் சோதிக்கப்படுவதை அறிந்து வேடமிடும் மென்பொருள், உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் வண்டிகளில் இருந்தது.

இதன் பின்னர்தான் "புதிய மென்பொருளை ஏற்றிக்கொள்ளவா?" என்ற கேள்வி இலட்சக்கணக்கான வீடுகளின் வாசற்படிக்கு வந்தது. நாட்டுக்கு நாடு விடை வேறுபட்டது. அமெரிக்காவில் 2016இன் நீதிமன்ற இணக்கம் சொந்தக்காரருக்குத் தெரிவு கொடுத்தது: வண்டியை நிறுவனத்துக்கே விற்றுவிடலாம், அல்லது அரசு அங்கீகரித்த திருத்தத்தை ஏற்று இழப்பீடும் பெறலாம். ஜெர்மனியில் அத்தெரிவு இல்லை. மத்திய மோட்டார் போக்குவரத்து அதிகாரசபை திருத்தத்தைக் கட்டாயமாக்கியது. மறுத்த சிலரின் வண்டிகள் வீதியில் ஓடத் தடை செய்யப்பட்டன. இந்தியாவில் 2015 டிசெம்பர் முதலாந் திகதி ஏறத்தாழ 3 இலட்சத்து 23 ஆயிரத்து 700 வண்டிகளைத் திரும்ப அழைப்பதாக நிறுவனம் அறிவித்தது. 2019 மார்ச்சில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் விதித்தது. கடும் நடவடிக்கை எடுப்பதை இந்திய உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது.

திருத்தம் பெற்ற சொந்தக்காரர்கள் பலர் முறையிடத் தொடங்கினார்கள். வண்டியின் இழுவை குறைந்துவிட்டது, வால்வு அடைக்கிறது என்றார்கள். எல்லாம் கற்பனை என்று தள்ள முடியாது. டீசல் எஞ்சினில் நைதரசன் ஒட்சைட்டுகளைக் குறைக்கும் வழிகளுள் ஒன்று, வெளியேறும் புகையில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் செலுத்துவது. அதனால் எரிதலின் வெப்பம் தணியும், நச்சு குறையும். ஆனால் கரி கூடும். அக்கரி வால்விலும் வடிகட்டியிலும் படியும். ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும் என்ற இப்பொல்லாத தராசைச் சமன் செய்வதே மென்பொருள் எழுதுபவரின் தொழில். தராசு எப்பக்கம் சாய்க்கப்பட்டது என்பதை வண்டிக்காரருக்கு எவரும் சொல்வதில்லை.

இனி வருவது மலைநாட்டவரை நேரே தொடும் செய்தி. ஒஸ்திரியாவில் எழுந்த சில வழக்குகளில், பழைய மோசடியை நீக்கவென்று ஏற்றப்பட்ட புதிய மென்பொருளையே நீதிமன்றம் உரைகல்லில் உரைத்தது. வெளிக்காற்றின் வெப்பம் 15 பாகை செல்சியசுக்கும் 33 பாகைக்கும் இடையில் இருந்தால் மட்டுமே அது புகையை முழுமையாகத் தூய்மையாக்கியது. அது மட்டுமன்று, வண்டி 1000 மீற்றர் உயரத்தைக் கடந்தாலும் அது தன் பணியைக் குறைத்துக்கொண்டது. 2022 ஜூலை 14ஆம் திகதி ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் இத்தகைய ஏற்பாடும் தடை செய்யப்பட்ட தந்திரமே என்று தீர்த்தது. எஞ்சினுக்கு உடனடி ஆபத்து நேர்வதைத் தவிர்க்க இன்றியமையாதது என்றால் மட்டுமே விலக்குண்டு. ஆண்டின் பெரும்பகுதி இயங்கும் ஏற்பாடு விலக்காகாது என்றது. திருத்தத்தை அங்கீகரித்தது ஓர் அரசாங்க அதிகாரசபை என்பதையும் நினைவிற் கொள்க.

1000 மீற்றர்! வெலிமடை அந்த எல்லைக்கோட்டை ஒட்டிய ஊர். பண்டாரவளை அதற்கு மேலே. ஹப்புத்தளை இன்னும் மேலே. நுவரெலியா 1800 மீற்றருக்கும் அதிகம். அந்த வண்டிகள் நம் வீதிகளில் அரிது என்பது உண்மைதான். ஆனால் சமவெளியில் இருந்து எழுதப்படும் கட்டளைக்கு மலையில் வாழ்வோர் விதிவிலக்காகிவிடுகிறார்கள் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. நம் நாட்டில் 2008 முதல் நடைபெறும் வாகனப் புகைப் பரிசோதனையில் டீசல் வண்டிக்குப் புகையின் கருமையே அளக்கப்படுகிறது; கண்ணுக்குத் தெரியாத நைதரசன் ஒட்சைட்டுகள் அளக்கப்படுவதில்லை. ஆகவே அத்தகைய திருத்தத்தை ஏற்றாலும் மறுத்தாலும் சான்றிதழ் கிடைக்கும். காற்று அசையாத பள்ளத்தாக்கில் லயத்து வாசலில் விளையாடும் குழந்தைக்கு அச்சான்றிதழால் பயனில்லை.

அப்படியானால் மறுப்பதே நன்றோ? அன்று. நம் மலைகளில் மிகுதியாக ஓடுவது யப்பானிலிருந்து வந்த கலப்பின வண்டிகளே. 2014 பெப்ரவரியில் டொயோட்டா நிறுவனம் உலகெங்கும் 19 இலட்சம் பிரியஸ் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. மின்னழுத்தத்தை உயர்த்தும் பகுதியிலுள்ள திரான்சிஸ்டர்கள், பெருஞ்சுமை ஏறும்போது மிகையாகச் சூடேறிச் சேதமடையக்கூடும். மென்பொருளை மாற்றுவது அதற்கு மருந்து. பெருஞ்சுமை எங்கே ஏறும்? ஆட்களை நிரப்பிக்கொண்டு பதுளைப் பள்ளத்திலிருந்து மேலே வருகிற வண்டியில் ஏறும். இத்தகைய திருத்தத்தை மறுப்பவர், வளைவில் வண்டி வலுவிழக்கும் ஆபத்தைத் தானே வாங்கிக்கொள்கிறார். ஹொண்டா நிறுவனமும் 2013க்கும் 2014க்கும் இடையில் பிற், வெசல் கலப்பின வண்டிகளைப் பலமுறை திரும்ப அழைத்தது. 2014 பெப்ரவரியில் 81,353 வண்டிகள் கியர்ப்பெட்டியின் மென்பொருளுக்காக அழைக்கப்பட்டன. அதே ஆண்டு ஜூலையில் 1,75,356 வண்டிகள், எதிர்பாராது வேகமெடுக்கக்கூடும் என்பதற்காக அழைக்கப்பட்டன.

திருத்தமும் இறுதிச் சொல்லன்று. 2018 ஒக்ரோபரில் டொயோட்டா 24 இலட்சத்து 30 ஆயிரம் கலப்பின வண்டிகளை மறுபடி அழைத்தது. 2014இலும் 2015இலும் திருத்தப்பட வேண்டியவை என்று அழைக்கப்பட்ட அதே வண்டிகள்தாம். முன்னைய மருந்து எதிர்பாராத ஒரு நிலையில் வண்டி அறவே நின்றுவிடக்கூடும் என்று கண்டார்கள். ஆகையால் "ஒருமுறை செய்தாயிற்று" என்று இருப்பதும் சரியன்று.

நமக்கு இதில் ஒரு தனித்துயர் உண்டு. யப்பானில் ஓடிக் கழித்து இங்கே வந்த வண்டிக்கு அழைப்புக் கடிதம் இங்கே வருவதில்லை. யப்பானில் பதிவுற்றிருந்த பழைய சொந்தக்காரரைத் தேடியே அது செல்லும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது. ஆதலால் இடைக்காலத்தில் பழைய வண்டிகளே கைமாறிக் கைமாறி ஓடின. எந்தத் திருத்தம் செய்யப்பட்டது, எது செய்யப்படவில்லை என்பது மூன்றாம் கைக்கு வந்தவருக்குத் தெரிய வழியில்லை என்று நினைக்க வேண்டாம். சட்டக இலக்கத்தைக் கொடுத்து நிறுவனங்களின் இணையத்தளங்களில் தேடலாம். முகவர் நிலையத்திலும் கேட்கலாம்.

கேட்பதிலும் முறை உண்டு. "நல்லதா?" என்று கேட்டால் "நல்லது" என்றுதான் விடை வரும். இது வண்டியோட்டியின் உயிர்காப்புக்கான திருத்தமா, புகைக்கான திருத்தமா, வெறும் வசதிக்கானதா என்று கேட்க வேண்டும். முதலாவதாயின் தயங்காது ஏற்கலாம். இரண்டாவதாயினும் ஏற்கவே வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும்: பழைய பதிப்பின் எண், புதிய பதிப்பின் எண், பின்னர் வால்வோ வடிகட்டியோ பழுதானால் பொறுப்பு யாருடையது என்பன. ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2020 மே மாதத்தில், மோசடி மென்பொருளோடு விற்கப்பட்ட வண்டியை வாங்கியவருக்கு இழப்பீடு வழங்கித் தீர்த்தபோது, பின்னர் புதிய மென்பொருளை ஏற்றியதனால் அவருடைய உரிமை அழிந்துவிடாது என்று கொண்டது. மூன்றாவதாயின் விருப்பம்போல் செய்யலாம். எதுவாயினும், ஏற்றும் நேரத்தில் பட்டரி வலுக்குன்றினால் கணினியே பயனற்றுப் போகக்கூடும். துணை மின் கொடுத்துச் செய்கிறார்களா என்று பார்ப்பது நலம்.

அண்மையில் வரும் வண்டிகள் சிலவற்றுக்கு முகவர் நிலையமும் வேண்டியதில்லை. நம் வானொலி அலைபோல் மென்பொருள் காற்றிலேயே வந்து, இரவில் உறங்கும் வண்டிக்குள் இறங்குகிறது. இதற்கென ஐக்கிய நாடுகள் அமைப்பின் கீழ் வகுக்கப்பட்ட 156ஆம் இலக்க ஒழுங்குவிதி 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. மென்பொருளை ஏற்றுவதற்கு முன் அதன் நோக்கத்தையும், அதனால் வண்டியில் மாறுவது எது என்பதையும் பயன்படுத்துபவருக்கு அறிவிக்க வேண்டும்; ஏற்றுவது இடையில் தவறினால் வண்டி பழைய பதிப்புக்கோ பாதுகாப்பான நிலைக்கோ திரும்ப வேண்டும் என்று அது கூறுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் புதிதாகப் பதிவாகும் கார்கள் அதற்கு அமைய வேண்டும். வெலிமடை வீதியில் இன்று ஏறிக்கொண்டிருக்கும் வண்டிகளிற் பெரும்பாலானவை அவ்விதி பிறப்பதற்கு முன்னரே பிறந்தவை.