கெர்னலோடு பெயர்ந்த மொழி: யூனிக்ஸ், 1977

யூனிக்ஸ் இயங்குதளம் 1973இல் சி மொழியில் மாற்றி எழுதப்பட்டது; அதனால் எந்தக் கணினிக்கும் எளிதில் பெயர்ந்தது என்று பாடநூல்கள் சொல்லும். காலவரிசையோடு ஒப்பிட்டால் இது பாதி உண்மைதான். சிக்கு மாறிய பிறகும் யூனிக்ஸ் சில ஆண்டுகள் பிடிபி-11 என்னும் ஒரே கணினிக் குடும்பத்திலேயே தங்கியிருந்தது. 1977இல் அது வெளியேறியபோது, மூலநிரலோடு சி மொழியையும் திருத்த வேண்டியிருந்தது.

ஆறாம் பதிப்பின் (1975) கெர்னலே இதற்குச் சான்று. கோப்பின் நீளத்தைக் குறிக்கும் எண்ணின் கீழ்ப்பகுதி அதில் ஒரு சுட்டியாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. அது எதையும் சுட்டவில்லை. குறியில்லா முழுஎண் வகை அன்றைய சியில் இல்லை; சுட்டிகளை ஒப்பிடும்போது கம்பைலர் கூட்டல் கழித்தல் குறியைப் பார்க்காது என்பதால் அப்படி எழுதினார்கள். செயலியின் நிலைப்பதிவேட்டை அணுகும் இடத்தில் வெறும் எண்ணுக்குப் பின்னால் அம்புக்குறி இட்டு, அதையே முகவரியாகக் கொண்டார்கள். எண்ணும் சுட்டியும் 16 பிட் அளவில் ஒன்றாக இருந்த பிடிபி-11இல் இவை பிழையின்றி ஓடின. சியில் எழுதியிருந்தாலும் அந்த நிரல் பிடிபி-11ஐ நம்பியே நின்றது.

1977இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே பெயர்ப்பில் இறங்கின. இரண்டும் தேர்ந்தது இன்டர்டேட்டா நிறுவனத்தின் 32 பிட் கணினிகளை என்பது தற்செயல். ஆஸ்திரேலியாவின் வோலங்காங் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் மில்லரிடம் இருந்தது 7/32. பிடிபி-11 அங்கே இல்லை. அவர் முதலில் கம்பைலரைப் பெயர்த்தார். பிறகு யூனிக்ஸை இன்டர்டேட்டாவின் சொந்த இயங்குதளத்துக்கு மேலே ஒரு சாதாரண நிரலாக ஓடவிட்டு, அடுத்த கட்டத்தில் அந்தத் தாங்கலை விலக்கி வன்பொருள்மீதே நிறுத்தினார். வசதி குறைந்த இடத்தில் பிறந்த இந்தப் படிமுறை, அதற்குரிய கவனத்தை வரலாறுகளில் பெறவில்லை என்பது என் கருத்து.

பெல் ஆய்வகத்தில் ஸ்டீவ் ஜான்சனும் டென்னிஸ் ரிட்சியும் 8/32ஐ எடுத்துக்கொண்டார்கள். சி கம்பைலர் அதற்கு முன்பே ஹனிவெல், ஐபிஎம் கணினிகளுக்குச் சென்றிருந்தது. ஆனால் அங்கே நிரல்கள் வன்பொருளைவிட அந்தந்த இயங்குதளத்தின் வழக்கங்களிலேயே அதிகம் தடுக்கின. அப்படியானால் இயங்குதளத்தையே கொண்டுபோய்விடலாம் என்ற துணிவு இங்கிருந்து பிறந்தது. இந்த வேலையின் அழுத்தத்தில் சி மொழி மாறியது. குறியில்லா எண்ணும் யூனியனும் வெளிப்படையான வகைமாற்றமும் வந்தன. நிரலில் பதுங்கிய பிழைகளைத் தேட ஜான்சன் லின்ட் கருவியை எழுதினார். புதிய கணினிகளுக்கு எளிதில் மாற்றக்கூடிய கம்பைலரையும் அவரே உருவாக்கினார். அசெம்பிளிப் பகுதியையும் கருவி இயக்கிகளையும் நீக்கிப் பார்த்தால், பிடிபி-11, 8/32 ஆகிய இரு கணினிகளின் கெர்னலும் ஏறத்தாழ 95 விழுக்காடு ஒன்றாக இருந்ததாக 1978இல் இருவரும் எழுதிய கட்டுரை கூறுகிறது.

அந்த அளவு வியப்புக்குரியது. ஆனால் வன்பொருள் சாரா அப்பகுதிக்குள்ளும் பிடிபி-11இன் நினைவக நடைமுறை தங்கிவிட்டது. 1978இல் பெல் ஆய்வகத்தின் ஹோம்டெல் கிளையில் டாம் லண்டனும் ஜான் ரைசரும் வேக்ஸ் கணினிக்குப் பெயர்த்த 32வி பதிப்பு, அந்த வன்பொருள் தந்த பக்கமுறை நினைவகத்தைப் பயன்படுத்தாமல், செயல்களை முழுமையாக வட்டுக்கு அனுப்பி மீட்கும் பழைய முறையையே தொடர்ந்தது. பக்கமுறையை 1979இல் பெர்க்லி குழுவினர் சேர்த்தார்கள்.