பம்பரமும் விளக்கும்

கடந்த கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், பெரியகுளத்தில் மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு அவ்வாரத் திருப்பலியின் முதல் வாசகத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். ஒற்றைப்படை ஆண்டுகளில், பொதுக்காலத்தின் 33ஆம் வாரத்தில், மக்கபேயர் நூல்கள் வாசிக்கப்படுகின்றன. எருசலேம் கோவில் தூய்மையாக்கப்பட்டதை நினைந்து யூதர் எட்டு நாள் கொண்டாடும் ஹனுக்கா விழாவைப் பற்றிச் சொன்னபோது, முன்வரிசையில் இருந்த ஒரு சிறுவன் எழுந்தான். "யூதர்கதானே சாமி இயேசுவைக் கொன்னாங்க? அவங்க திருவிழா நமக்கு எதுக்கு?" என்றான்.

அவன் குறும்பாகக் கேட்கவில்லை. எங்கோ கேள்விப்பட்டதை அப்படியே ஒப்புவித்தான். அவனைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. அந்த வயதில் நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். எனவே, அவனுக்குச் சொல்ல வேண்டிய விடையை வரலாற்றில் தேடத் தொடங்கினேன்.

கி.மு. 167இல் சிரியாவை ஆண்ட நான்காம் அந்தியோக்கு எப்பிபான், எருசலேம் கோவிலைத் தீட்டுப்படுத்தினான். ஓய்வுநாளையும் விருத்தசேதனத்தையும் தடைசெய்தான். திருச்சட்ட நூல்களை எரித்தான். மோதயின் ஊரைச் சேர்ந்த குரு மத்தத்தியாவும் அவருடைய ஐந்து மைந்தரும் அவனை எதிர்த்து எழுந்தனர். அவர்களுள் யூதா மக்கபே எருசலேமை மீட்டு, கி.மு. 164இல், கிஸ்லேவ் மாதத்தின் 25ஆம் நாளில், புதிய பலிபீடத்தை அர்ப்பணித்தார். தீட்டுப்பட்ட பழைய பீடத்தின் கற்களை என்ன செய்வது என்று அவர்கள் கலந்துபேசியதாக மக்கபேயர் முதல் நூல் கூறுகிறது. அக்கற்களால் மீண்டும் பீடம் கட்ட இயலாது. ஒருகாலத்தில் இறைவனுக்கு உரியவையாக இருந்ததால் எறிந்துவிடவும் மனமில்லை. ஆகவே, இறைவாக்கினர் ஒருவர் வந்து வழிகாட்டும்வரை அவற்றைக் கோவில் மலையில் தனியே ஓரிடத்தில் வைத்தார்கள்.

ஒருநாளுக்கு மட்டுமே போதுமான எண்ணெய் எட்டு நாள் எரிந்த அருஞ்செயலை நம்மில் பலர் அறிவோம். ஆனால் அது மக்கபேயர் நூல்களில் இல்லை. பல நூற்றாண்டுகளுக்குப் பின் தொகுக்கப்பட்ட பாபிலோனியத் தல்முத்தில் உள்ளது. போர் வெற்றியில் பிறந்த விழாவுக்கு, யூத அறிஞர்கள் வாளை விடுத்து விளக்கையே அடையாளமாகத் தந்தனர். விழா வாரத்து ஓய்வுநாளில் அவர்கள் வாசிப்பதும், படைபலத்தை நம்பாது இறை ஆவியை நம்பச் சொல்லும் செக்கரியாவின் விளக்குத்தண்டுக் காட்சியையே. முதல் இரவில் எட்டு விளக்கு ஏற்றி நாள்தோறும் ஒன்றைக் குறைக்க வேண்டும் என்றது ஷம்மாயின் பள்ளி. ஒன்றில் தொடங்கி எட்டாகப் பெருக்க வேண்டும் என்றது ஹில்லேலின் பள்ளி. புனிதமானது வளர வேண்டுமேயன்றிக் குறையலாகாது என்ற இரண்டாம் கருத்தே நிலைத்தது.

இதில் நமக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. மக்கபேயர் நூல்கள் யூதரின் எபிரேயத் திருமுறையில் இடம்பெறவில்லை. கிரேக்க மொழியில் அவற்றைக் காத்து, நமக்கு இணைத் திருமுறை நூல்களாக வழங்கியது திருச்சபை. நூல் நம்மிடம் தங்கியது. விழா அவர்களிடம் தங்கியது. மக்கபேயர் இரண்டாம் நூலில் தம் தாயோடு உயிர்நீத்த ஏழு சகோதரரை, யூதர்களாகிய அவர்களை, ஆகஸ்டு முதல் நாளில் மறைச்சாட்சிகளாகத் திருச்சபை நெடுங்காலம் கொண்டாடியதும் நினைவுகூரத்தக்கது. அதனினும் மேலாக, யோவான் நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். குளிர்காலத்தில் நிகழ்ந்த கோவில் அர்ப்பண விழாவின்போது நம் ஆண்டவர் சாலமோன் மண்டபத்தில் உலவுகிறார். அங்கேதான் தம்மைத் தந்தை அர்ப்பணித்து உலகுக்கு அனுப்பியதாகச் சொல்கிறார். சிறுவன் "அவங்க திருவிழா" என்றது, இயேசு சென்றிருந்த திருவிழா.

அவ்விழாவில் பிள்ளைகளுக்கு உரிய விளையாட்டும் உண்டு. திரேதல் என்பது நான்கு முகமுடைய சிறு பம்பரம். நம் பிள்ளைகள் கயிறு சுற்றி வீசும் பம்பரம் போலன்றி, விரலால் திருகிச் சுழற்றுவது. அதன் முகங்களில் நூன், கிமெல், ஹே, ஷின் என்னும் எபிரேய எழுத்துகள் இருக்கும். கிமெல் விழுந்தால் நடுவில் குவிந்தது முழுவதும் அவனுக்கு, ஹே விழுந்தால் பாதி, நூனுக்கு ஒன்றுமில்லை, ஷின் விழுந்தால் தன்னுடையதிலிருந்து போட வேண்டும். 'பெரும் அருஞ்செயல் அங்கே நிகழ்ந்தது' என்ற எபிரேய வாக்கியத்தின் முதலெழுத்துகளாக அவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். இஸ்ரயேலில் செய்யப்படும் பம்பரங்களிலோ ஷின் எழுத்துக்குப் பதில் பே எழுத்து இடம்பெற்று, 'இங்கே நிகழ்ந்தது' என்று பொருள் தருகிறது. அந்தியோக்கின் காலத்தில் மறைவாகத் திருச்சட்டம் பயின்ற சிறுவர்கள், காவலர் வரும்போது பம்பரம் ஆடுவதுபோல் நடித்தார்கள் என்ற கதை பிற்காலத்தது. உண்மையில் இது ஐரோப்பியர் ஆடிய ஒரு சூதாட்டப் பம்பரம். எழுத்துகளும் முதலில் ஆட்டத்தின் விதிகளையே குறித்தன. அதனால் இதன் மதிப்பு குறைந்துவிடவில்லை. தெருவில் கிடந்த ஒரு சூதாட்டக் கருவியை எடுத்து, அதில் தம் முன்னோரின் நம்பிக்கையை எழுதிப் பிள்ளைகளின் கையில் கொடுத்த பெற்றோரை நான் வணங்குகிறேன்.

ஐரோப்பா நமக்குத் தொலைவு. ஆனால் கம்பத்தைக் கடந்து குமுளி மலை ஏறி இறங்கினால் சேரநாடு. அதன் கடற்கரையில் கொச்சி. அங்கே பல நூற்றாண்டுகளாக ஹனுக்கா விளக்கு எரிந்தது. கி.பி. 1000ஐ ஒட்டி, சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், யோசேப்பு ரப்பான் என்னும் யூதத் தலைவருக்கு 72 உரிமைகளைச் செப்பேட்டில் பொறித்து வழங்கினான். நம் தமிழோடு பிரிக்கவியலாத உறவுடைய மொழியில், வட்டெழுத்தில் அமைந்த அச்சாசனம் குறிப்பிடும் உரிமைகளுள் ஒன்று பகல் விளக்கு. கோவிலை மீட்டதை விளக்கேற்றி நினைவுகூரும் மக்களுக்கு நம் பக்கத்து மன்னன் விளக்குரிமை வழங்கியிருக்கிறான்! 1568இல் மட்டாஞ்சேரியில், கொச்சி அரசரின் அரண்மனைக்கு அருகிலேயே பரதேசித் தொழுகைக்கூடம் எழுந்தது. அதைக் கட்டியவர்களுள் ஸ்பெயினும் போர்த்துக்கலும் விரட்டியடித்த யூதரின் வழிவந்தோர் இருந்தனர்.

இங்கே ஒரு குருவாக நான் மறைக்கக்கூடாத செய்தி உண்டு. அவர்களை 1492இல் ஸ்பெயினிலிருந்து வெளியேற்றியவர்களும், 1497இல் போர்த்துக்கலில் வலிந்து திருமுழுக்குக்கு உட்படுத்தியவர்களும் கத்தோலிக்க அரசர்கள். 1662இல் அக்கொச்சித் தொழுகைக்கூடத்தைச் சேதப்படுத்தியவர்களும் கத்தோலிக்கரான போர்த்துக்கீசியரே. இந்து அரசர் அடைக்கலம் தந்த இடத்தில் நம் மறையைச் சேர்ந்தோர் தீ வைத்தனர். திருத்தந்தை 23ஆம் யோவான் 1959இல் புனித வெள்ளி மன்றாட்டிலிருந்து யூதரை இழிவுபடுத்திய அடைமொழியை நீக்கினார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று, ஆண்டவரின் பாடுகளுக்கான பழியை அக்கால யூதர் அனைவர்மீதும் சுமத்தலாகாது, இக்கால யூதர்மீதும் சுமத்தலாகாது என்று அறிவித்தது. ஆறு பதிற்றாண்டுகள் கடந்தும், அந்தக் குரல் என் மறைக்கல்வி வகுப்பின் முன்வரிசைக்கு வந்து சேரவில்லை. கொச்சி யூதருள் பெரும்பாலோர் 1950களில் இஸ்ரயேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். நம் பிள்ளைகள் ஒரு யூதரையும் நேரில் காண வாய்ப்பில்லை. ஆகவே, நாம் சொல்லிக்கொடுப்பது மட்டுமே அவர்கள் அறிந்த யூதர்.

அடுத்த வாரம் பிள்ளைகள் அட்டையை மடித்து, ஈர்க்குச்சி செருகி, நான்கு முகப் பம்பரம் செய்தார்கள். புளியங்கொட்டைகளை நடுவில் குவித்து ஆடினார்கள். பிறர் வழிபாட்டை நடித்துக்காட்டுவது முறையாகாது என்பதால், யூதரின் விளக்கு மன்றாட்டை நாங்கள் செய்யவில்லை. கதையை மட்டும் முழுவதும் சொன்னேன். கொச்சியின் தீயையும் சேர்த்தே சொன்னேன். கேள்வி கேட்ட சிறுவன் இரண்டு முறை கிமெல் போட்டு, சட்டைப்பை நிறையப் புளியங்கொட்டையுடன் எழுந்தான். போகும்முன், "அந்தப் பழைய கல்லையெல்லாம் அப்புறம் யாராவது எடுத்தாங்களா சாமி?" என்று கேட்டான்.

வேதநூல் அதைச் சொல்லவில்லை என்றேன். ஆனால் அன்று இரவு அக்கற்களைப் பற்றியே எண்ணிக்கொண்டிருந்தேன். நம்மிடமும் அத்தகைய கற்கள் உண்டு. ஒருகாலத்தில் நம் மன்றாட்டிலும் மறையுரையிலும் இருந்து, பகையால் தீட்டுப்பட்டுப்போன சொற்கள் அவை. அவை நம் வரலாறு. எறிந்துவிட்டு மறந்துபோனவர்கள்போல் நடிக்க நமக்கு உரிமையில்லை. எனினும் அவற்றைக் கொண்டு இனி ஒரு பீடமும் கட்டலாகாது. எங்கே இருக்கின்றன என்று தெரிந்தே அவற்றைத் தனியே வைத்துவிட்டு, பிள்ளைகளின் கையில் விளக்கைக் கொடுப்போம்.