விண்ணப்பம் வென்ற வரலாறு

சேலத்திற்குப் புகைவண்டி வந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. 1860-களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து மேற்கே நீண்ட இருப்புப்பாதை, நகருக்குள் நுழையாமல், சில கல் தொலைவிலிருந்த சூரமங்கலத்தில் நின்றுகொண்டது. வண்டி வைத்திருந்தோர் எளிதில் ஊரை அடைந்தனர்; இல்லாதோர் மூட்டையைச் சுமந்து நடந்தனர். கல்லூரி உதவித்தொகையின் கதையும் இத்தகையதே! தொகை வருகிறது, ஏழையின் வாசலுக்குச் சில கல் முன்னதாகவே நின்றுவிடுகிறது. எஞ்சிய தொலைவை நடந்து கடந்தவர் யாவர்? அதைக் கூறுவதே நம் நோக்கம்.

1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அதே ஆண்டில் சேலத்தில் தொடங்கிய பள்ளியே வளர்ந்து, இன்று அரசு கலைக் கல்லூரியாக நிற்கிறது. கல்விக்கூடத்தின் கதவு திறந்தது. ஆனால், வாயிலில் கட்டணம் காவல் நின்றது. தறியை நம்பியவனும் ஏரைப் பிடித்தவனும் எட்டிப் பார்த்துத் திரும்பினர். அறிவில்லாமலா? இல்லை, பணமில்லாமல்!

சென்னை மாநிலத்தில் கல்விச் சலுகைக்கு உரிய பின்தங்கிய வகுப்பினர் என 1883-ல் குறிக்கப்பட்ட பிரிவுகள் 11. 1893-ல் அவை 39 ஆயின. 1913-ல் 122 ஆயின. முப்பது ஆண்டுகளில் பதினொரு மடங்கு! அரசின் நெஞ்சம் திடீரென இளகிவிட்டதா? அன்று. சலுகை உண்டு என்று செய்தி அறிந்த மக்கள், ‘எங்களையும் சேர்த்திடுக’ என்று எழுதினர். மறுக்கப்பட்டபோது மீண்டும் எழுதினர். பட்டியலை நீட்டியதில் அவர்தம் மனுக்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

அதே 1913-ல், மராட்டிய மண்ணின் இளைஞர் ஒருவர், பரோடா மன்னரின் உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்திற்குக் கப்பலேறினார். திங்களுக்குப் பதினொன்றரை பவுன், மூன்றாண்டுக் காலம், கற்றபின் பரோடாவில் பத்தாண்டுப் பணி என்ற ஒப்பந்தம். அவரே அம்பேத்கர். 1917-ல் பணியாற்ற வந்த அந்தப் பேரறிஞருக்குத் தங்குவதற்கோர் இடம் தர அந்த நகரம் மறுத்தது! மன்னரின் கொடை கடல் கடந்து படிக்க வைத்தது. ஆனால், சாதியின் தாழ்ப்பாளைத் திறக்க அதனால் இயலவில்லை.

இடமின்மை எத்துணைக் கொடிது என்பதைச் சென்னையில் உணர்ந்தவர் டாக்டர் நடேசனார். வெளியூரிலிருந்து படிக்க வந்த பார்ப்பனரல்லாத மாணவர், சாதியின் காரணமாக உணவும் உறைவிடமும் கிட்டாமல் தவித்தனர். 1916-ல் திருவல்லிக்கேணியில் அவர்களுக்கென ‘திராவிடர் இல்லம்’ அமைத்தார் அவர். கட்டணம் மட்டும் போதாது. சோறும் கூரையும் சேர்ந்தால்தான் கல்வி என்பதை அந்த இல்லம் நாட்டுக்குக் காட்டிற்று.

பிறகு, கொடை பெற்றவரே உரிமை கேட்டார். வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினரான அம்பேத்கர், 1942-ல் ஒடுக்கப்பட்டோர் குறைகளை விரிவான மனுவாக அளித்தார். 1944-ல் ஆண்டுக்கு மூன்று இலட்சம் ரூபாயில், பள்ளியிறுதிக்கு மேற்பட்ட கல்விக்கான உதவித்தொகைத் திட்டம் பிறந்தது. பழங்குடியினருக்கும் பின்னர் அது விரிந்தது. மன்னரின் மனத்தைப் பொறுத்திருந்த உதவி, அரசின் திட்டமாயிற்று. 1951-ல் அரசியல் சட்டத்தின் 15(4) பிரிவு, பின்தங்கியோருக்குத் தனி ஏற்பாடு செய்யும் அதிகாரத்தை அரசுக்கு உறுதியாக்கிற்று.

அந்த வழியில் தமிழ்நாடு மேலும் நடந்தது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தொழிற்கல்விக் கட்டணச் சலுகை 2010-ல் வந்தது. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி சேரும் மாணவியர்க்குத் திங்கள்தோறும் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-லும், மாணவர்க்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-லும் தொடங்கின.

ஆயினும் என்ன? சூரமங்கலத்துத் தறித் தொழிலாளியின் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் தேறுகிறாள் என எண்ணிப் பாருங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, ஆதாருடன் இணைந்த வங்கிக் கணக்கு! இவை வேண்டுமென்று அவளுக்கு எவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. கடைசி நாள் கடந்தபின் தெரிகிறது. தந்தை வட்டிக்கடைப் படியேறுகிறார். வட்டி வளர்கிறது, படிப்புத் தேய்கிறது. சட்டம் தந்ததை அறியாமை பறித்துக்கொள்கிறது!

இதற்கு மருந்து நம் கையில் இருக்கிறது. தேர்வு முடிவு வருமுன்பே இ-சேவை மையத்தில் சான்றுகளைப் பெறுவோம். சேர்ந்த அன்றே கல்லூரி அலுவலகத்தில், ‘எனக்குரிய உதவித்தொகை எது? கடைசி நாள் எது?’ எனக் கேட்கச் செய்வோம். ஒருமுறை பெற்றால் போதும் என இராமல், ஆண்டுதோறும் புதுப்பிக்க நினைவூட்டுவோம். படித்தவர் ஒவ்வொருவரும் தம் தெருவில் ஒரு பிள்ளைக்கேனும் படிவம் நிரப்பிக் கொடுப்போம்.

‘கையேந்துவதா?’ எனக் கூசுவோர் உண்டு. கையேந்துவது இரவலன் செயல். கையெழுத்திடுவது குடிமகன் செயல்! பதினொன்றை நூற்று இருபத்திரண்டாக்க உதவியது அக்கையெழுத்தே. மன்னர் கொடையை மக்கள் உரிமையாக்கியதும் அதுவே.

சூரமங்கலத்தில் வண்டி நிற்கிறது. ஊர் இன்னும் சில கல் தொலைவில். மூட்டையோடு நிற்கும் பிள்ளைக்கு வழி சொன்னால் மட்டும் போதாது, உடன் நடப்போம்!