வெளிநாட்டுப் பயணம்: 1914-இல் என்ன கட்டிக்கொண்டு போனார்கள்?

பள்ளி விடுமுறை தொடங்கினால் நம் குடியிருப்பில் லிஃப்ட் வாசலில் பெரிய பெட்டிகளைப் பார்க்கலாம். மகள் பிரசவத்துக்கு, பேரன் பிறந்தநாளுக்கு என்று ஏதாவது ஒரு வீட்டில் புறப்பாடு இருக்கும். பெட்டி ஒன்றுக்கு 23 கிலோ என்றால், எடை போடும் கருவி ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு இரவல் போய்க்கொண்டே இருக்கும். பருப்புப் பொடி, வற்றல், விதை நீக்கிய புளி, தளவாய்புரம் நைட்டி அரை டஜன், கடைசி நாளில் வாங்கிய ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. உங்கள் பட்டியலும் ஏறக்குறைய இதுதானே?

இந்தப் பட்டியலுக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. நம் ஊர் தினசரி நாட்காட்டியைக் கிழிக்கும்போது அதன் ஒரு துண்டு இன்றும் கண்ணில் படும். திங்கள், சனி கிழக்கே சூலம், பரிகாரம் தயிர். வியாழன் தெற்கே சூலம், பரிகாரம் தைலம் என்று போட்டிருக்கும். நல்ல நாளில் கிளம்ப முடியாவிட்டால் கொண்டுபோக வேண்டிய பொருளில் ஒன்றை அந்த நல்ல நேரத்தில் எடுத்துப் பக்கத்து வீட்டில் வைத்துவிடுவார்கள். அதற்குப் பெயர் பரஸ்தானம். ஆள் பிறகு புறப்பட்டால் போதும், பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. கப்பல் கம்பெனியோ விமானக் கம்பெனியோ சூலம் பார்க்காது என்பதால், என்னைக் கேட்டால் இது நல்ல ஏற்பாடுதான்.

இனி 1914-க்கு வருகிறேன். அந்த ஆண்டு ஒரு மாத இடைவெளிக்குள் இரண்டு விஷயங்கள் நடந்தன. பிப்ரவரி 24-ஆம் தேதி பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல், பிறகு மறுபடியும் ரயில் என்று இலங்கைக்கு நேர்வழி ஏற்பட்டது. மார்ச் 17-ஆம் தேதி சென்னைத் துறைமுகத்திலிருந்து எஸ்.எஸ். நெவாசா என்ற கப்பலில் சீனிவாச ராமானுஜன் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார்.

கணித மேதை என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கு அவர்மேல் தனிப் பிரியம், அவர் ஒரு கிளார்க் என்பதால். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய்க்குச் சேர்ந்தவர். அப்பா கும்பகோணத்தில் ஜவுளிக்கடைக் கணக்கர். 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. கேம்பிரிட்ஜிலிருந்து ஹார்டி அழைத்தபோது கடல் தாண்டுவதற்கு வீட்டில் சம்மதம் கிடைக்கவில்லை. 1914 தொடக்கத்தில் நெவில் என்ற கணிதப் பேராசிரியர் சென்னைக்கு வந்து பேசிய பிறகுதான் காரியம் நகர்ந்தது. பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை ஒதுக்கியது. கப்பல் செலவும் உடுப்புச் செலவும் தனி.

உடுப்புச் செலவு என்று தனியாக ஒரு தலைப்பு இருந்ததைக் கவனியுங்கள். வேட்டியும் தலைப்பாகையுமாக இருந்தவருக்குக் கோட்டு, காலர், டை, பூட்ஸ் எல்லாம் புதிதாக வேண்டும். குடுமியையும் எடுத்தாக வேண்டும். அந்தக் கோலத்தை அம்மாவும் மனைவியும் பார்க்க வேண்டாம் என்று புறப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன்பே இருவரையும் கும்பகோணத்துக்கு ரயில் ஏற்றிவிட்டார். வழியனுப்ப வந்த கூட்டத்தில் பெரிய மனிதர்கள் இருந்தார்கள், வீட்டார் இல்லை.

ஏப்ரல் 14-இல் லண்டன் போய்ச் சேர்ந்தார். ஆகஸ்டில் முதல் உலகப் போர் தொடங்கியது. மரக்கறி மட்டும் உண்பவருக்கு அங்கே சாப்பாடு கஷ்டமாகிவிட்டது. தானே சமைத்துக்கொண்டார், ஊரிலிருந்து தபாலில் சாமான் வந்தது. ஆக உடைக்குப் பணம் இருந்தது, உணவுக்குத் தபால் இருந்தது. ஆனால் பட்டியல் போட்டவர்கள் யாருக்கும் தோன்றாத ஒன்று இருந்தது. பின்னாளில் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தொடங்கிய மகாலனோபிஸ் அப்போது கேம்பிரிட்ஜ் மாணவர். குளிர்காலத்தில் ராமானுஜன் அறைக்குப் போனவர், இரவில் குளிர் எப்படி என்று கேட்டிருக்கிறார். ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு சால்வையைச் சுற்றிக்கொண்டு படுத்தும் நடுங்குகிறது என்றாராம் ராமானுஜன். கட்டிலைப் பார்த்தால் கம்பளிகள் மெத்தையின் ஓரங்களில் செருகி இறுக்கி விரித்தபடியே இருக்கின்றன. அவற்றின் மேலே படுத்துக்கொண்டிருந்தார் அவர். உள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நாமும் மருமகள் வீட்டு வெந்நீர்க் குழாயைத் திருகத் தெரியாமல் நின்றவர்கள்தான், அதனால் சிரிக்க வேண்டாம்.

நான் வங்கியில் கணக்கெழுதியவன். அதனால் அந்த 250 பவுண்டு என்ன ஆயிற்று என்றும் பார்க்கத் தோன்றியது. அன்றைய மாற்று விகிதம் பவுண்டுக்கு 15 ரூபாய். 250 பவுண்டு என்றால் 3,750 ரூபாய். அதிலிருந்து மாதம் 60 ரூபாய் கும்பகோணத்தில் அம்மாவிடம் கொடுக்க ஏற்பாடு செய்துவிட்டுத்தான் கப்பல் ஏறினார். ஆண்டுக்கு 720 ரூபாய். மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. அவருடைய பழைய சம்பளத்தைப் போல் இரண்டு மடங்கு. பொறுப்பான பிள்ளை என்று சொல்லலாம், சந்தேகமில்லை.

ஆனால் மனைவி ஜானகி பெயரில் தனியாக எதுவும் இல்லை. அவருக்கு அப்போது பதினைந்து வயதுகூட நிறையவில்லை. மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒத்துப்போகவில்லை. கணவருக்கு எழுதிய கடிதங்களும் அவரிடமிருந்து வந்த கடிதங்களும் மாமியார் கையில் நின்றுபோயின என்று ஜானகி பிற்காலத்தில் சொன்னது வாழ்க்கை வரலாறுகளில் வருகிறது. ஒரு கட்டத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். 1919 மார்ச்சில் ராமானுஜன் நோயோடு பம்பாயில் வந்து இறங்கியபோது வரவேற்க அம்மாவும் தம்பியும் நின்றார்கள்; ஜானகி இல்லை. அடுத்த ஆண்டு ஏப்ரல் 26-இல் அவர் காலமானார். ஜானகி தையல் கற்றுக்கொண்டு, திருவல்லிக்கேணியில் துணி தைத்துப் பிழைத்தார். பல்கலைக்கழகம் கொடுத்த ஓய்வூதியம் மாதம் 20 ரூபாய். 1994 வரை வாழ்ந்தார். வீட்டுக்கென்று எழுதிவைத்த பணம், வீட்டில் யார் கைக்கு என்பது எவ்வளவு பெரிய கேள்வி பாருங்கள்.

அதே 1914-இல் தனுஷ்கோடி வழியே போனவர்களின் கணக்கு வேறு மாதிரி. நம் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பகுதி 1910-இல் உருவான ராமநாதபுரம் மாவட்டத்தில் சேர்ந்திருந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆட்கள் போன மாவட்டங்களில் அதுவும் ஒன்று. ராஜபாளையம் வழியாகத் தென்காசிக்கு ரயில் வந்ததே 1927-இல்தான். அதுவரை ரயிலைப் பிடிக்க விருதுநகர், சாத்தூர் பக்கம் போக வேண்டும்.

தோட்டத்துக்குப் போகிறவருடைய மூட்டையில் பெரிதாக என்ன இருந்திருக்கும்? முக்கியமான பொருள் ஒரு தகரத் துண்டு. அதில் மாவட்டத்தைக் குறிக்கும் எழுத்து, தோட்டத்தின் எண், ஆளின் எண் பொறித்திருக்கும். கயிற்றில் கோத்துக் கட்டிக்கொள்வார்கள். அதைக் காட்டினால் ரயிலுக்கும் கப்பலுக்கும் கையில் காசு வேண்டாம். தோட்டத்தின் கணக்கில் பற்று எழுதிவிடுவார்கள். மண்டபம் முகாமில் சில நாட்கள் நிறுத்தி, நோய் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கடல் தாண்ட அனுமதி.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வழிச்செலவும் கங்காணி கொடுத்த முன்பணமும் மலைக்குளிருக்குத் தோட்டத்தில் கொடுத்த கம்பளியும் ஆளின் பெயரில் கடனாக ஏறின. வேறு தோட்டத்துக்கு மாற வேண்டுமானால், இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டினால் விடுவிக்கிறோம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு வேண்டும். அதற்குப் பெயர் துண்டு. அந்தத் துண்டு முறை 1921-இல்தான் ஒழிந்தது. மறு ஆண்டு இந்தியக் குடியேற்றச் சட்டம் வந்தது. ராமானுஜன் புறப்படும்போது வீட்டுக்கு வரவு எழுதிவிட்டுப் போனார். இவர்கள் போய்ச் சேருவதற்குள் பற்று ஏறிவிட்டது. ஒரே ஆண்டு, ஒரே தமிழ்நாடு.

சுதந்திரத்துக்குப் பிறகு பெட்டியின் எடையைவிடப் பர்ஸின் எடைக்குத்தான் கட்டுப்பாடு. 1960-களில் வெளிநாடு போகிறவர் கையில் 8 டாலர், அதாவது 3 பவுண்டுதான் கொடுப்பார்கள். டிக்கெட் எடுக்கவே பி ஃபாரம் என்று ரிசர்வ் வங்கியின் ஒப்புதல் வேண்டும். 1974 ஜனவரியில் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் அமலுக்கு வந்து இறுக்கியது. 2000 ஜூனில் அது போய் இப்போதுள்ள சட்டம் வந்தது. 2004-இல் ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 25,000 டாலர் என்றார்கள், இன்று 2,50,000. எங்கள் கவுண்டரில் டிராவலர்ஸ் செக் கொடுக்கும்போது ஒவ்வொன்றிலும் ஒரு கையெழுத்து வாங்குவோம், இரண்டாவது கையெழுத்து பணமாக்கும் இடத்தில். செக் எண்களைத் தனித்தாளில் எழுதி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள் என்று சொல்லி அனுப்புவோம். கொடுத்த டாலரைப் பாஸ்போர்ட்டின் பின்பக்கத்தில் எழுதி முத்திரை குத்துவோம்.

வளைகுடாவுக்குப் போகும் இளைஞர்கள் புறப்படும் முன் கணக்குத் தொடங்க வருவார்கள். அனுப்பும் பணத்தை இங்கே எடுப்பது யார் என்று அதிகாரக் கடிதம் கேட்போம். அந்த இடத்தில் பேனா நிற்கும். பக்கத்தில் அம்மா இருப்பார், கொஞ்சம் தள்ளி மனைவி கைக்குழந்தையோடு நிற்பார். பெரும்பாலும் அம்மா பெயர் அல்லது அண்ணன் பெயர்தான் விழும். அதை நாங்கள் சொல்லி மாற்ற முடியாது. ஒரே ஒரு முறை ஒரு தாயார் மகனிடமிருந்து ஃபாரத்தை வாங்கி, "எனக்குக் கையெழுத்து வராது, அவ பேரப் போடு" என்றார். அந்த அம்மாள் கையெழுத்துப் போடத் தெரிந்தவர். அவருடைய முதியோர் உதவித்தொகைக் கணக்கு எங்கள் கிளையில்தான் இருந்தது.

ஆகவே பெட்டியை எடை போட்ட பிறகு இன்னொரு தாள் எடுங்கள். ஆறு மாதம் போகிறீர்கள் என்றால் மின் கட்டணமும் நம் சங்கத்தின் பராமரிப்புத் தொகையும் யார் கட்டுவது, வீட்டுச் சாவி யாரிடம், சிலிண்டர் வால்வை மூடியாகிவிட்டதா என்று எழுதுங்கள். தம்பதியில் ஒருவர் மட்டும் போகிறீர்களா? இங்கே இருப்பவர் தனியாகப் பணம் எடுக்க முடியுமா, கணக்கு 'ஈதர் ஆர் சர்வைவர்' முறையில் இருக்கிறதா, லாக்கரில் இருவர் பெயரும் இருக்கிறதா என்று பாஸ்புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஓடிபி வரும் செல்பேசி எண் யாருடையது என்பதும் முக்கியம். அந்த சிம் உங்களோடு அமெரிக்கா போய்விட்டால் இங்கிருப்பவர் பாடு திண்டாட்டம். ஓய்வூதியக்காரர்கள் நவம்பரில் வாழ்நாள் சான்றிதழ் கொடுக்க வேண்டும். திரும்பி வரும் டிக்கெட்டின் தேதியை அதோடு ஒருமுறை ஒத்துப் பாருங்கள்.