துப்பாக்கிக்கும் கோத்திரம்

குலங்கோத்திரம் கேட்டுப் பெண் கொடுக்கும் வழக்கம் நம்மவரிடையே இன்னும் ஒழிந்தபாடில்லை. மேடையிலும் பத்திரிகையிலும் எவ்வளவோ கண்டித்தாயிற்று, கேட்போர் கேட்டுக்கொண்டேயிருக்கின்றனர். இந்நோய் மனிதரோடு நில்லாது இரும்பையும் பற்றியிருக்கிறதென்றால் வாசகர்கள் நகைப்பார்கள். ஆயினும் உண்மை அதுவே. பழைய கைத்துப்பாக்கியொன்றை மாதிரியாகக் கொண்டு புதிதாய்ச் செய்தவற்றை அமெரிக்காவில் விலைக்கு வாங்குவோர் பலர், அது செவ்வையாகச் சுடுகிறதா என்று பார்க்கும் முன்னரே, "இது அசல் வமிசந்தானா?" என்று கேட்கின்றனர். அந்த வமிசத்தின் வரலாறு நாம் அறிந்துகொள்ளத் தக்கது.

கிராஞ்சியைப் பற்றி எழுத வேண்டியவர் துப்பாக்கியைப் பற்றி எழுதுவானேன் எனலாம். கிராஞ்சி வட்டாரம் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமும் ராணுவ முகாமும் அடுத்தடுத்து இருந்த இடம். 1942-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் நாள் இரவு, கிராஞ்சி ஆற்றுக்கும் ஜொகூர்ப் பாலத்துக்கும் இடைப்பட்ட கரையிலே ஜப்பானியக் காவற்படை இறங்கிற்று. ஆஸ்திரேலியப் படையினர் எதிர்த்து நின்றனர். உட்லண்ட்ஸ் எண்ணெய்க் கிடங்குகளிலிருந்து வழிந்த எண்ணெய் தீப்பற்றி நீரின்மேல் எரிந்ததும் அவ்விரவில்தான். நாம் சொல்ல வந்த துப்பாக்கி அன்று இரு தரப்பினரிடமும் வழக்கில் இல்லை. பிரிட்டிஷ் அணியின் அதிகாரிகள் ரிவால்வர் வைத்திருந்தனர். ஜப்பானியர் தம் நாட்டு நாம்பு கைத்துப்பாக்கி வைத்திருந்தனர். நம்முடையது பின்னர்த்தான் இப்பக்கம் வந்து சேர்ந்தது.

பிரௌனிங் என்னும் பெயர் தமிழருக்குப் புதியதன்று. 1911-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் நாள் மணியாச்சி ரயில் சந்திப்பில் கலெக்டர் ஆஷ் துரையை வாஞ்சிநாதன் சுட்டது பெல்ஜியத்திற் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கியால் என்பது தெரிந்த செய்தி. அவருடைய சட்டைப் பையிலிருந்த கடிதம் சனாதன தருமத்தைக் காப்பதைப் பற்றிப் பேசிற்று. அவரது துணிவை யாம் குறைத்துப் பேச வரவில்லை. ஆனால் ஐரோப்பியர் அறிவால் உண்டான மிகப் புதிய கருவி கையிலும், மிகப் பழைய வருணப்பற்று கடிதத்திலும் ஒருங்கே இருந்தனவே, அதை எண்ணிப் பாராமல் இருக்க இயலவில்லை.

இனி வமிசத்துக்கு வருவோம். ஜான் பிரௌனிங் அமெரிக்காவில் யூட்டா மாகாணத்து ஆக்டன் நகரில் 1855-இல் பிறந்த துப்பாக்கிக் கம்மியர். அவர் தம் திட்டங்களைப் பெல்ஜியத்து லீஜ் நகருக்கு அருகிலுள்ள ஹெர்ஸ்டால் தொழிற்சாலைக்குக் கொடுத்து வந்தார். அத்தொழிற்சாலை 1889-இல் ஏற்பட்டதே ஜெர்மானியர் கண்ட மவுசர் துப்பாக்கியைப் பெல்ஜியப் படைக்குச் செய்து கொடுப்பதற்காகத்தான். ஆகவே அசல் அசல் என்று எந்த வீட்டைச் சுட்டுகிறார்களோ, அந்த வீடே மாதிரி பார்த்துச் செய்வதில் பிறந்த வீடு.

பிரெஞ்சு ராணுவத்தார், குண்டுகள் மிகுதியாகக் கொள்ளும் கைத்துப்பாக்கி ஒன்று வேண்டுமென்று கேட்டனர். விசையை ஒரு முறை இழுத்தால் ஒரு குண்டு வெடித்து, அவ்வதிர்ச்சியாலேயே வெறுங்கூடு வெளியே தள்ளப்பட்டு அடுத்த குண்டு தானே ஏறிக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது அது. பிரௌனிங் 1923-இல் அதற்கு உரிமைப் பத்திரம் கோரினார். 1926 நவம்பரில், லீஜ் நகரில் வேலை பார்த்துக் கொண்டிருக்கும்போதே காலமானார். தாம் முன்பு செய்து கோல்ட் கம்பெனிக்கு விற்றுவிட்ட உரிமைகள் குறுக்கே நின்றமையால், தம் அறிவின் விளைவையே தாம் பயன்படுத்த மாட்டாது சுற்றி வளைத்துச் செல்ல வேண்டியதாயிற்று அவருக்கு. அவர் மறைந்தபின் அவ்வுரிமைகள் காலாவதியாயின. அவர் கீழ் வேலை கற்ற ட்யூடனே சேவ் என்னும் பெல்ஜியர் அவற்றையும் சேர்த்து, குண்டுகளை இரு வரிசையாக அடுக்கும் பெட்டியையும் அமைத்து, 1935-இல் வேலையை முடித்தார். ஏழெட்டுக் குண்டுகளே பிற கைத்துப்பாக்கிகளின் பெட்டி கொண்ட காலத்தில் இது 13 கொண்டது. 'ஹை பவர்' என்ற பெயர் அதனால் வந்தது. பாதி செய்தவர் ஒருவர், மீதி செய்தவர் மற்றொருவர். தூய வமிசம் என்பார் இதை எப்படிக் கணக்கிடுவாரோ!

இவ்விடத்தில் ஒரு சிறு உறுப்பைக் குறித்துச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். குண்டுப் பெட்டியைக் கழற்றிவிட்டால் விசை வேலை செய்யாதபடி தடுக்கும் கொக்கி ஒன்று இதில் உண்டு. பிரெஞ்சுக்காரர் கேட்டதற்காக வைத்தது அது. பின்பு பிரெஞ்சுக்காரர் இத்துப்பாக்கியையே எடுத்துக்கொள்ளவில்லை, வேறொன்றைத் தெரிந்துகொண்டனர். கேட்டவர் போய்விட்டார், கொக்கி தங்கிவிட்டது. அது பெட்டியின்மேல் உராய்வதால் விசை கரகரவென்று கனத்து இழுக்கும். அப்படியிருந்தும் பல பத்தாண்டுகள் அதை எடுக்காமலே செய்து வந்தனர். நம் வீட்டுச் சடங்குகளில் இத்தகைய கொக்கிகள் எத்தனை என்று வாசகர்களே எண்ணிக்கொள்ளலாம்.

1940-இல் ஜெர்மானியர் பெல்ஜியத்தைப் பிடித்தனர். ஹெர்ஸ்டால் தொழிற்சாலை அவர்கள் படைக்கு இதே துப்பாக்கியைச் செய்யலாயிற்று. தப்பியோடிய பெல்ஜியப் பொறியாளரின் துணையோடும், சீன அரசாங்கத்தாரிடமிருந்து பெற்ற மாதிரிகளைக் கொண்டும், கனடாவில் டொராண்டோ நகரத்து ஜான் இங்கிலிஸ் கம்பெனி 1944-இல் தொடங்கி ஏறக்குறைய 1,50,000 துப்பாக்கிகள் செய்தது. சீனப் படைக்கென்று செய்தவற்றின் எண்ணிலே 'சிஎச்' என்னும் எழுத்துக்களும், மற்றவற்றின் எண்ணிலே 'டி' என்னும் எழுத்தும் பொறித்தனர். ஒரே பிறப்புடைய துப்பாக்கி இரு தரப்பினர் கையிலும் நின்று ஒன்றையொன்று நோக்கிச் சுட்டது. 1982-இல் பாக்லாந்துத் தீவுகளிலும் அதே கதைதான். பிரிட்டிஷாரும் இதை வைத்திருந்தனர், ரொசாரியோ நகரில் உரிமம் பெற்றுச் செய்த அர்ஜென்டீனரும் இதையே வைத்திருந்தனர்.

பிரிட்டிஷ் ராணுவம் இதனை முறைப்படி ஏற்றது 1954-இல். மலாயாவில் அவசர காலம் நடந்துகொண்டிருந்த நேரம் அது. 1948 ஜூன் 16-ஆம் நாள் சுங்கை சிப்புட்டில் வெள்ளைத் துரைமார் மூவர் கொல்லப்பட்டதிலிருந்து, தோட்டத்துத் துரை இடுப்பில் துப்பாக்கியோடு காட்டுக்குப் போவது வழக்கமாய்விட்டது. கங்காணிக்குப் பயந்திருந்த தொழிலாளி இப்போது துரையின் இடுப்புக்கும் பயந்தான். இரவில் காட்டிலிருந்து வருவோருக்கும் பயந்தான். எந்தத் துப்பாக்கி எந்தத் தொழிற்சாலையிற் பிறந்தது என்று அவன் கேட்டதில்லை. சிங்கப்பூரிலிருந்து பிரிட்டிஷ் படை விலகிய 1971 வரையில் இம்முகாம்களிற் பழகிய துப்பாக்கி இதுவே. அதன் பின்னும் பிரிட்டனில் 2013 வரை நிலைத்தது. இந்தியாவிலோ வங்காளத்து ஈஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை இதையே மாதிரியாக வைத்து இந்திய ராணுவத்துக்குச் செய்து தந்தது. அதைக் கையில் வைத்துக் காவல் நின்ற தமிழ்ச் சிப்பாய்க்கு அது பெல்ஜியமாவது கனடாவாவது, சுடவேண்டிய நேரத்தில் சுட்டாற் போதும்.

இத்துணை வரலாறுடையதை ஹெர்ஸ்டால் கம்பெனியே 2018-ஐ ஒட்டி நிறுத்திவிட்டது. பழைய துப்பாக்கிகளின் விலை ஏறிற்று. விலை ஏறினவிடத்தில் மாதிரிகள் முளைப்பது எங்கும் உள்ளதுதான்.

மாதிரிகளை வாங்கினவர்கள் பட்ட அனுபவத்தை நம் ஊரில் விசாரித்துப் பயனில்லை. சிங்கப்பூரில் உரிமமின்றி இவற்றுள் ஒன்றையும் வைத்திருக்க முடியாது. தீங்கு செய்யும் கருத்தோடு துப்பாக்கி சுட்டவனுக்கு 1973-ஆம் ஆண்டுச் சட்டப்படி மரண தண்டனை. நிஜம்போலத் தோன்றும் பொய்த் துப்பாக்கிக்குங்கூட அனுமதி பெறவேண்டும். அசலா போலியா என்ற வேற்றுமையைச் சட்டம் அவ்வளவாகப் பாராட்டுவதில்லை. இது நல்ல ஏற்பாடென்றே கருதுகிறோம். ஆதலால் அமெரிக்கர் அனுபவத்தையே சொல்லவேண்டியிருக்கிறது.

முன்பே ஹங்கேரி நாட்டிலிருந்து இருவகை வந்திருந்தன. ஒன்று உள்ளும் புறமும் பிரௌனிங்கை ஒத்தது. அதன் உறுப்புக்கள் பெரும்பாலும் பெல்ஜியத் துப்பாக்கியிற் பொருந்தும். மற்றொன்று புறத்தோற்றத்தில் அதே முகம். திறந்து பார்த்தால் உள்ளிருக்கும் விசையமைப்பு வேறொரு அமெரிக்கத் துப்பாக்கியினுடையது. முகத்தைக் கண்டு வாங்கி, பின்பு உறுப்பொன்று தேய்ந்து மாற்றப்போய், பிரௌனிங் உறுப்பு நுழையாமல் விழித்தவர் பலர். குலப்பெயரைப் பார்த்துச் சம்பந்தம் செய்துகொண்டு குணத்தைப் பின்பு அறிபவர் நிலை இதுதானே.

2021-இல் அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு ஆர்மரி என்னும் கம்பெனி ஒன்றை வெளியிட்டது. இக்கம்பெனியின் பெயரே இரவல். மாசசூசெட்ஸ் மாகாணத்தில் அரசாங்க ஆயுதசாலையாய் இருந்து 1968-இல் மூடப்பட்ட பழைய ஸ்பிரிங்பீல்டின் பெயரை, 1974-இல் தோன்றிய தனியார் எடுத்துக்கொண்டனர். ஆனால் துப்பாக்கியில் அவர்கள் பழமைக்கு அடிமைப்படவில்லை. பிரெஞ்சுக்காரரின் கொக்கியை எடுத்தெறிந்தனர்; விசை இலகுவாயிற்று. பழைய துப்பாக்கியில், குதிரை என்று நம்மவர் சொல்லும் பின்சுத்தி ஒவ்வொரு வெடிக்கும் பின்னே வந்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள சதையைக் கடிக்கும். நெடுநேரம் சுட்டவர் கையில் இரத்தம் கசியும். அதற்கும் வடிவம் மாற்றி வழிசெய்தனர். பெட்டி 15 குண்டு கொள்ளும்; பழைய பெட்டியும் இதிற் பொருந்தும். வாங்கினவர்கள் பெரும்பாலும் மகிழ்ந்தனர். ஆயினும் சிலர் சொன்ன குறை யாது என்பீர்கள்? கடிக்கவில்லையே, அந்தப் பழைய உணர்ச்சி இல்லையே என்பதாம்! தழும்பைக் காட்டிப் பெருமை பேசியவர்களுக்குத் தழும்பில்லாத் துப்பாக்கி சுவைக்கவில்லை. மாமியார் கொடுமையை அனுபவித்த மருமகள், தானும் மாமியாரானபின், இந்தக் காலத்துப் பெண்களுக்கு என்ன தெரியும் என்பதை இங்கே நினைத்துக்கொள்க.

துருக்கி நாட்டிலே கருங்கடற் கரையிலுள்ள கிரேசுன் நகரத்துக் கிர்சான் கம்பெனியும் ஒன்று செய்து, அதனினும் மலிவாக விற்கிறது. அதில் கொக்கி இருக்கிறது, விசை கனக்கிறது. வாங்கினவர் பலர் கொக்கியைத் தாமே கழற்றிவிடுகின்றனர். எழுதியதை எழுதியபடி நகலெடுத்தவர் பிழையையும் சேர்த்தே எழுதினார் போலும். தோட்டத்தில் கிராணி வேலை பார்க்கும் நமக்கு இது பழகிய சங்கதி. சென்ற மாதக் கணக்கிலுள்ள தவற்றை இம்மாதப் புத்தகத்திலும் அழகாக ஏற்றுபவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

2022-இலோ ஹெர்ஸ்டால் கம்பெனியே மீண்டும் 'ஹை பவர்' என்ற பெயரோடு ஒன்றை வெளியிட்டது. பெயர் பழையது, வீடும் பழையது. துப்பாக்கி மட்டும் முற்றிலும் புதியது. உருவம் பெரிது; குண்டு 17; பிரித்துத் துடைக்கும் முறை வேறு; பழைய பெட்டியும் உறுப்பும் இதில் பொருந்தா. வலக்கையருக்கும் இடக்கையருக்கும் ஒருங்கே ஏற்றவாறு அமைத்திருக்கின்றனர். சுடுகருவி என்று பார்த்தால் பழையதைவிடப் பல வகையிலும் மேல் என்று சுட்டுப் பார்த்தவர்கள் கூறுகின்றனர். பழையவற்றைச் சேர்ப்பவர்களோ ஒப்பவில்லை. பெயர் பெல்ஜியத்தாரிடமும் உருவம் அமெரிக்கரிடமும் துருக்கரிடமும் போய்ச் சேர்ந்துவிட்டதால், வாரிசு யார் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. சொந்தப் பிள்ளைக்கும் சுவீகாரப் பிள்ளைக்கும் நடக்கும் சொத்து வழக்குப்போல அது நெடுங்காலம் நடக்கும். நம்மைக் கேட்டால், கையைக் கடிக்காமலும் சிக்காமலும் வேலை செய்வது எதுவோ அதற்குத் தீர்ப்பளிப்போம்; ஆனால் நம்மை யாரும் கேட்கப் போவதில்லை.

'சிஎச்' என்ற எழுத்துடைய கனடாத் துப்பாக்கிகளுக்கு இன்று தனி மதிப்பு. அவ்வெழுத்தும் எண்ணும் சிதையாமலிருந்தால் விலை கூடும். எண் எத்தனையிலிருந்து எத்தனை வரை எந்த மாதத்திற் செய்தது, எங்கே அனுப்பப்பட்டது என்றெல்லாம் நூல்களே எழுதியிருக்கின்றனர். ஓர் இரும்புத் துண்டின் பிறப்பு இத்துணை நுணுக்கமாகப் பதிந்திருப்பதைக் காண்கையில் கிராஞ்சிக் குன்று நினைவுக்கு வருகிறது. 1957 மார்ச் 2-ஆம் நாள் திறக்கப்பட்ட அங்குள்ள நினைவுச் சின்னத்தில், கல்லறை தெரியாது மாண்ட போர்வீரர் 24,000 பேருக்கு மேல் பெயர் பொறிக்கப்பட்டிருக்கின்றனர். கல்லறைகள் 4,400-க்கு மேல். எரியூட்டப்பட்ட இந்தியச் சிப்பாய்கள் ஏறக்குறைய 800 பேருக்கும் அங்கே தனிச் சின்னம் உண்டு. அவையெல்லாம் படையிற் சேர்ந்தவர்க்கு. அதே யுத்தத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டுக் காலராவிலும் பட்டினியிலும் மாண்ட தமிழ்த் தொழிலாளர் படையிற் சேர்ந்தவரல்லர். அவர்கள் பெயர் அத்தூண்களில் இல்லை. அவர்கள் எத்தனை பேர் என்பதற்கு இன்றும் நூலுக்கொரு தொகை சொல்லப்படுகிறது.